எப்போதிலிருந்து என்று கேளுங்கள்

மலையில் வயதானவர்கள் யாரும் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வந்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். நெஞ்சு பாரமாக இருக்கிறது என்பார்கள். உடம்பெல்லாம் எரிகிறது, கை கால் அசதி, வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, விடியக்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது என்பார்கள். முதுமையில் வரும் மனச்சோர்வு நோய் பல நேரம் இப்படி உடம்புத் தொல்லையாகத்தான் வெளியே வரும். கோத்தகிரி வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, பிரசவமான வீடு என்று அலைந்த காலத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் அடுப்பங்கரைச் சூட்டில் ஒரு பெரியவர் ஒண்டி உட்கார்ந்திருப்பார். நான் போனது கைக்குழந்தைக்காக. பையைத் தோளில் மாட்டிக் கிளம்பும்போது "எனக்கும் கொஞ்சம் பாருங்க நர்ஸம்மா" என்று மெல்லக் கேட்பார்கள். பிரஷர் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும்.

"ஒண்ணும் இல்ல, வயசாச்சுல்ல" என்று மருமகள் சொல்வாள். மகனும் அதையே சொல்வான். அந்தப் பெரியவரே தலையாட்டிக்கொள்வார். வேலையில் இருந்த காலத்தில் எனக்கு அதிகம் கோபம் வரவைத்த பேச்சு இதுதான். இப்போதும் வருகிறது. ஏனென்றால் வயசு ஒரு நாளில் வந்து உட்கார்வதில்லை. அது வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறுவது. ஆனால் இவர்களிடம் பக்கத்தில் உட்கார்ந்து "இந்தச் சாப்பாடு பிடிக்காதது எப்போதிலிருந்து?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு நாளையோ ஒரு மாதத்தையோ சொல்லிவிடுகிறார்கள். போன ஐப்பசி மழையிலிருந்து. அவர் போனதிலிருந்து. வீடு மாறினதிலிருந்து. கண்ணு மங்கினதிலிருந்து. இப்படி ஒரு தொடக்கம் இருக்கிறது என்றால், அதன் பின்னால் ஒரு காரணமும் இருக்கும், பெரும்பாலும் வைத்தியமும் இருக்கும். மனச்சோர்வு நோயைப் பற்றி நான் படித்ததிலும் பார்த்ததிலும் எனக்கு மிகவும் உதவிய கேள்வி இந்த "எப்போதிலிருந்து" தான்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்த குடும்பங்களில் ஒன்று. என் குடும்பமும் அப்படி வந்ததுதான், அதனால் அவர் பேச்சு எனக்கு வீட்டுப் பேச்சு. எழுபதுகளில் இளம் பெண்ணாக வந்து கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவர்கள் இன்று எழுபதைத் தாண்டி இருக்கிறார்கள். ஐம்பத்தெட்டு அறுபது வயது வரைக்கும் விடிந்தால் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, மேட்டிலும் சரிவிலும் ஒரே வரிசையில் நின்று பேசிக்கொண்டே பறிப்பது, மத்தியானம் நிறுவைக்கு இறங்குவது, சாயங்காலம் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் நாலு பேர். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் பேசியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். வேலை இருக்கும்வரைதான் தோட்டத்து வீடு. ஓய்வு பெற்றதும் அதைக் காலி செய்துவிட்டு, ரோட்டிலிருந்து கீழே படி இறங்கிப் போகும் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார். கணவர் அதற்கு முந்தைய வருஷம் போய்விட்டார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மகள் கோவையில். வீடு மாறிய சில மாதங்களில் நெஞ்சு பாரம் ஆரம்பித்தது. ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். ஒரு மருத்துவமனையில் "வயசாச்சும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த ஒரு வாழ்க்கைக்குள் மருத்துவர்கள் சொல்லும் ஆபத்துக் காரணிகள் எத்தனை அடங்கியிருக்கின்றன பாருங்கள். பெண். துணையை இழந்தவர். தனியாக இருப்பவர். வருமானம் நின்றவர். வீட்டையும் பழகிய கூட்டத்தையும் விட்டு வந்தவர். முட்டி வலியால் படி ஏற முடியாதவர். இவற்றில் ஒன்று இருந்தால் மனச்சோர்வு வந்தே தீரும் என்றில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போதுதான் தாங்கமுடியாமல் போகிறது. அதுவும் இரண்டு வருஷத்துக்குள் எல்லாமே சேர்ந்தால்.

இது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்ன கணக்கில், உலகம் முழுக்க அறுபது வயதைத் தாண்டியவர்களில் 5.7 சதவீதம் பேர் மனச்சோர்வு நோயோடு வாழ்கிறார்கள். நம் நாட்டில் 2017-18-ல் லாசி என்ற பெரிய ஆய்வு நடந்தது. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட எழுபத்திரண்டாயிரம் பேருக்கு மேல் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள், 2021-ல் அறிக்கை வெளிவந்தது. அதில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை முறையான கேள்விகளால் சோதித்தபோது 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய் இருக்கலாம் என்று தெரிந்தது. ஆனால் "உங்களுக்கு மனச்சோர்வு இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறாரா?" என்று கேட்டபோது ஆம் என்றவர்கள் 0.8 சதவீதம் மட்டுமே. இந்த இரண்டு எண்களையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நோய் இருப்பவர்கள் பத்துப் பேர் என்றால், தனக்கு இருப்பது இன்ன நோய் என்று தெரிந்தவர் ஒருவர்தான். மீதி ஒன்பது பேரும் டானிக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள், அல்லது எதுவும் குடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சில ஆய்வுகளில் இதைவிடப் பெரிய எண் வரும், முப்பது சதவீதம்கூடச் சொல்வார்கள். அது நோய் என்று உறுதியானவர்களின் கணக்கு இல்லை, அறிகுறிகள் ஓரளவுக்காவது இருப்பவர்களையும் சேர்த்த கணக்கு. அந்த நடுவில் நிற்பவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன், அவர்கள் முக்கியமானவர்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம் என்பதும் லாசி ஆய்வில் தெரிந்தது. மருத்துவமனையில் படுத்திருப்பவர்கள், வீட்டிலேயே அடுத்தவர் துணையோடு நாளைக் கழிப்பவர்கள் என்று போகப் போக விகிதம் ஏறிக்கொண்டே போகும். நன்றாக நடமாடுகிற முதியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் கிடையாது. அதனால்தான் இதை வயசின் கணக்கில் எழுதுவது தவறு என்று சொல்கிறேன்.

எங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரியில் 7,62,141 பேர். 2011-ல் 7,35,394. தமிழ்நாடு முழுக்க ஜனத்தொகை ஏறிக்கொண்டிருந்த பத்து வருஷத்தில் எங்கள் மலையில் மட்டும் குறைந்தது. தேயிலை விலை விழுந்தது, வேலைகள் போயின, பிள்ளைகள் மேட்டுப்பாளையம் வழியாகக் கீழே இறங்கினார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, பிழைப்பு அங்கேதான் இருக்கிறது. ஆனால் இறங்கியவர்கள் இளையவர்கள், நின்றவர்கள் பெரியவர்கள். எங்கள் மலையின் படுகர் சமூகத்தாருடைய சில ஹட்டிகளில், அதாவது ஊர்களில், வரிசையாகப் பெரிய பெரிய வீடுகள், பளபளவென்று டைல்ஸ், உள்ளே போனால் டிவி ஓடிக்கொண்டிருக்கும், ஒரே ஒரு பாட்டி இருப்பார். பணம் மாதாமாதம் வந்துவிடும், ஆள் பண்டிகைக்கு வரும்.

அப்புறம் மலையே சேர்த்துக் கொடுக்கும் தொல்லைகள். வீடுகள் சரிவில் இருக்கின்றன. முட்டி போனவருக்கு ரோட்டுக்கு ஏறுவது ஒரு பெரிய வேலை. ஐப்பசி கார்த்திகையில் மழையும் மேகமும் இறங்கினால் எதிர் வீடே தெரியாத நாட்கள் இருக்கும். மார்கழியில் வெயில் ஏறும்வரை போர்வைக்குள்தான். இப்போதெல்லாம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தேயிலைக்குள்ளே காட்டெருமை நிற்கிறது, இருட்டினால் கரடி வருகிறது. முன்பு பொழுது சாய்ந்ததும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தவர்கள் இப்போது நாலரைக்கே கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். நாலரையிலிருந்து காலை ஏழு வரைக்கும் தனியாக ஒரு அறையில். இதை எந்த ஆய்வும் தனியாகக் கேட்டிருக்காது. தனிமை என்ற ஒரு சொல்லுக்குள் போட்டிருப்பார்கள். கோத்தகிரியில் தனிமைக்குக் காட்டெருமையும் ஒரு காரணம்.

உடம்பு நோய்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாத பகுதி. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு, இல்லாதவர்களைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மாரடைப்பு, பார்க்கின்சன் நோய், புற்றுநோய், ஓயாத வலி, எல்லாவற்றுக்கும் இந்தத் தொடர்பு உண்டு. நோய் வந்த கவலையால் மட்டும் வருவது என்று நினைத்துவிடாதீர்கள். பல வருஷம் கட்டுப்பாட்டில் இல்லாத பிரஷரும் சர்க்கரையும் மூளையின் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன, அதிலிருந்தே முதுமையில் ஒரு வகை மனச்சோர்வு வருகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இளமையில் ஒருநாளும் மனம் தளராத மனிதருக்கு எழுபதில் முதன்முறையாக வரும்போது இதையும் யோசிக்க வேண்டும். தைராய்டு குறைந்தால் இதே சோர்வு, இதே மந்தம். வைட்டமின் பி12 குறைந்தாலும் அப்படியே. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேட்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் மனநிலையைக் கீழே தள்ளும். குடி இன்னொன்று. மனைவி போன பிறகு மாலைப் பொழுதைக் கழிக்கத் தெரியாமல் குடியை ஆரம்பித்த அண்ணன்கள் எங்கள் பக்கம் நிறைய.

பக்கவாதம் வந்த ஒரு படுகர் ஐயாவை எனக்குத் தெரியும். வலது கை, வலது கால். பிசியோதெரபிக்காரர் வந்து போனார், நடையும் ஓரளவு திரும்பியது. ஆனால் அந்த வருஷம் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு அவர் வரமாட்டேன் என்றார். வெள்ளை வேட்டியும் சால்வையும் எடுத்து வைத்தும் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. வாழ்நாளில் ஒரு வருஷமும் தவறவிடாத மனிதர். "கூட்டத்துல நடக்க வெக்கப்படறாரு" என்றார்கள் வீட்டில். இருக்கலாம். ஆனால் சவரம் செய்துகொள்வதையும் நிறுத்தியிருந்தார், பேரன் போனில் பேசினாலும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை, பயிற்சியை அரைகுறையாக விட்டுவிட்டார். ஊட்டிக்கு அழைத்துப்போய் மனநல மருத்துவரிடம் காட்டினார்கள். மருந்து ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்துப் பயிற்சியைத் தானாகவே செய்ய ஆரம்பித்தார். மனசு தேறினால் கால் தேறுகிறது. இது எனக்குப் புதிதில்லை, ஆனால் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனசு நிறைந்துவிடுகிறது.

அந்த வீட்டில் இன்னொருவர் இருந்தார், அவருடைய மனைவி. கணவரைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, இரவில் இரண்டு முறை எழுந்து, காலையில் சுடுதண்ணி வைத்து, தோட்டத்தில் கொழுந்து எடுக்க ஆள் வந்தால் அவர்களுக்கும் டீ போட்டு, இப்படியே ஒன்றரை வருஷம். அவருக்கும் அறுபத்தெட்டு வயது. எல்லாரும் "ஐயா எப்படி இருக்காரு?" என்று கேட்டார்கள். படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம், ஆனால் அந்த அம்மாவைத் தனியாக உட்காரவைத்து யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் கேட்டபோது முதலில் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். எப்போது கடைசியாக ஒரு முழு இரவு தூங்கினீர்கள் என்றதும் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். அவருக்கும் சிகிச்சை தேவைப்பட்டது. அதைவிட முக்கியமாக, வாரத்தில் இரண்டு நாள் கணவரைப் பார்த்துக்கொள்ள வேறொரு ஆள் தேவைப்பட்டது. மகளும் நாத்தனாரும் முறை வைத்துக்கொண்டார்கள்.

மறதி விஷயத்தில் நிறைய வீடுகள் ஏமாந்துபோகின்றன. பெரியவர் பேசுவதைக் குறைத்துவிட்டார், கேட்டால் "தெரியலை, ஞாபகமில்லை" என்கிறார், கேஸ் அடுப்பை அணைக்க மறக்கிறார் என்றதும் மறதி நோய் வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதுமையில் மனச்சோர்வே மறதி நோய்போல வேஷம் போடும். சில வித்தியாசங்களை நாம் கவனிக்கலாம். மனச்சோர்வில் மறதி சில வாரங்களிலேயே கூடும், அந்த மனிதரே தன் மறதியைப் பற்றி அதிகம் புலம்புவார். மறதி நோய் மெல்ல மெல்ல வருஷக்கணக்கில் வரும், பெரும்பாலும் அவருக்குத் தெரியாது, வீட்டில் இருப்பவர்கள்தான் கவலைப்படுவார்கள். இரண்டும் சேர்ந்து இருப்பதும் உண்டு, அதனால் நாமே முடிவு கட்டக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். அப்படியே காதையும் கண்ணையும் பார்த்துவிடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேச்சையே விட்டுவிட்டார் என்று அழைத்தார்கள். காது கேட்கவில்லை, அதனால் பேச்சில் கலந்துகொள்ள முடியவில்லை, அதனால் ஒதுங்கினார், ஒதுங்கியதில் மனம் சோர்ந்தது. காது மெஷின் வைத்த பிறகும் மருந்து தேவைப்பட்டது, ஆனால் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு.

இதையெல்லாம் சொல்லும்போது துக்கத்தை நோயாக்கிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் வேண்டும். அப்பா போன பிறகு என் அம்மா மாதக்கணக்கில் அழுதார். சாமி படத்துக்கு விளக்கேற்றும்போது அழுவார், அப்பாவின் கம்பளிச் சட்டையை மடிக்கும்போது அழுவார். ஆனால் பேத்தி குட்டிக்கரணம் போட்டால் சிரித்தார். சாயங்காலம் டீயில் இஞ்சி குறைந்தால் குறை சொன்னார். அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், பேசி முடித்ததும் முகம் தெளியும். அதற்கு மருந்து வேண்டியிருக்கவில்லை, பக்கத்தில் ஆள்தான் வேண்டியிருந்தது. மனச்சோர்வு வேறு மாதிரி. எந்தப் பேத்தி வந்தாலும் முகம் மாறாது. எதன்மேலும் பிடிப்பு இருக்காது. தான் யாருக்கும் பாரம், தன்னால் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வரும். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் இப்படியே இருந்தால் காட்ட வேண்டும். துக்கமாக ஆரம்பித்து நோயாக மாறுவதும் உண்டு, அதனால் துக்க வீட்டை மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் போய்ப் பார்ப்பது நல்லது. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் பஸ் ஏறிய பிறகுதான் வீடு உண்மையில் காலியாகிறது.

முதியவர்களுக்கென்றே தயாரித்த கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் முப்பது கேள்விகளோடு வந்தது, பிறகு பதினைந்தாகச் சுருக்கினார்கள். எல்லாம் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகள். உங்கள் வாழ்க்கையில் திருப்தியாக இருக்கிறீர்களா, முன்பு செய்துகொண்டிருந்த பல காரியங்களை விட்டுவிட்டீர்களா, வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கத் தோன்றுகிறதா, இந்த மாதிரி. அதில் தூக்கத்தையும் பசியையும் பற்றி அதிகம் கேட்பதில்லை, ஏனென்றால் அவை வயதானவர்களுக்கு வேறு காரணத்தாலும் கெடும். பதினைந்தில் மனச்சோர்வைக் காட்டும் பதில்கள் ஐந்துக்கு மேல் போனால் மருத்துவர் பார்க்க வேண்டும். அது நோயை உறுதி செய்வதில்லை, கதவைத் தட்டுகிறது, அவ்வளவுதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் வந்த பிறகு எங்கள் பக்கமும் தன்னார்வலர் பெண்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். மலையில் அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி முடியாது. அந்தப் பெண்களோடு நான் பேசும்போதெல்லாம், மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டு இந்தப் பதினைந்தில் இரண்டு மூன்றையாவது கேளுங்கள் என்று சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள்.

ஒரு விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். "போய்ச் சேர்ந்தா தேவல" என்பது நம் வீடுகளில் பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்லும் பேச்சு, எல்லா நேரமும் அதற்கு ஆபத்தான பொருள் இல்லை. ஆனால் மேலே சொன்ன மாற்றங்களோடு சேர்ந்து அந்தப் பேச்சு வந்தால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலகில் தற்கொலையால் இறப்பவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். நேராகவே கேளுங்கள்: உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வருகிறதா? கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டதும் பெரும்பாலும் ஒரு பெருமூச்சு வரும், பிறகு பேச்சு வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், தேயிலைக்கு அடிக்கும் மருந்து எதையும் வீட்டில் வைக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதியோருக்கான மற்ற உதவிகளுக்கு 14567.

சிகிச்சையைப் பற்றி ஊரில் இருக்கும் பயம் பெரிது. மாத்திரை போட்டால் அடிமையாகிவிடுவோம் என்பார்கள். மனச்சோர்வு மாத்திரைகள் அப்படிப்பட்டவை இல்லை. மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்கில் வாங்கும் தூக்க மாத்திரைதான் அப்படி. அதைப் போட்டுக்கொண்டு இரவில் பாத்ரூமுக்கு எழுந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தவர்களை எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய நாலு வாரம் ஆறு வாரம் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூட ஆகலாம். பத்தாவது நாளே "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்த்த தடை. முதியவர்களுக்குச் சிறிய அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவார்கள். சிலருக்கு ரத்தத்தில் சோடியம் குறையும். தலைசுற்றலோ குழப்பமோ வந்தால் உடனே சொல்ல வேண்டும், மருத்துவர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுவார். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், நிறுத்துவதையும் அவர் சொல்லித்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

மருந்து இல்லாத வழியும் இருக்கிறது, எனக்கு மிகுந்த நம்பிக்கை கொடுத்தது அதுதான். கோவாவில் ஓர் ஆய்வு செய்து 2019-ல் வெளியிட்டார்கள். நான் மேலே சொன்னேனே, நடுவில் நிற்பவர்கள் என்று, நோய் முற்றாமல் அறிகுறிகள் மட்டும் இருக்கும் அறுபது வயதுக்கு மேற்பட்ட 181 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பாதிப் பேரிடம், மருத்துவம் படிக்காத, ஆனால் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள் ஆறிலிருந்து பத்து முறை போய்ப் பேசினார்கள். பிரச்சினையை எப்படித் துண்டு துண்டாகப் பிரித்துத் தீர்ப்பது, தூக்கத்தை எப்படிச் சரிசெய்வது, சர்க்கரையை எப்படிப் பார்த்துக்கொள்வது, வரவேண்டிய உதவித்தொகையை எப்படி வாங்குவது, இவ்வளவுதான் பேச்சு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் வழக்கமான கவனிப்பில் இருந்த 90 பேரில் 13 பேருக்கு மனச்சோர்வு நோய் வந்திருந்தது. பேசப்பட்ட 91 பேரில் 4 பேருக்கு. இதைப் படித்த அன்று நான் எங்கள் சுய உதவிக் குழுப் பெண்களைத்தான் நினைத்துக்கொண்டேன். இதைச் செய்யப் பொறுமையும் கொஞ்சம் பயிற்சியும் போதும், எங்கள் ஊரில் அப்படிப்பட்ட பெண்களுக்குப் பஞ்சமில்லை.

உதவித்தொகை என்றதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதியோர் ஓய்வூதியம் 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் பேரனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் தன் கையால் வாங்கிக் கொடுக்க முடிகிற பாட்டிக்கும் முடியாத பாட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கொழுந்து பறித்த அம்மாவுக்கு மருந்தோடு சேர்த்து நாங்கள் செய்ததும் இந்த மாதிரிச் சின்னக் காரியங்கள்தான். விட்டுப்போயிருந்த ஓய்வூதிய மனுவைப் போட்டோம். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் மலைக்கும் வந்துவிட்டதால், வாரச் சந்தைக்கு அவரை அழைத்துப்போகப் பழைய தோட்டத்துத் தோழி ஒருவர் ஒத்துக்கொண்டார். முதல் இரண்டு வாரம் இழுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. இப்போது அவர்தான் தோழியை அவசரப்படுத்துகிறார். நெஞ்சு பாரம் முழுக்கப் போய்விடவில்லை. மழை நாட்களில் இன்னும் வருகிறது.

கீழே கோவையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு: தினமும் போன் செய்கிறீர்கள், தெரியும். "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும், எந்த நிலையில் இருந்தாலும். "நேத்து யார் வந்தாங்க? யார்கிட்ட பேசுன?" என்று கேளுங்கள். ஒரு வாரம் முழுக்க "யாரும் வரல" என்றே பதில் வந்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள், லீவு எடுத்துக்கொண்டு ஒருமுறை மேலே வாருங்கள். மருத்துவரிடம் அழைத்துப்போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து, சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் பக்கத்து மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். அறைக்குள் போனதும் நீங்களே எல்லாவற்றையும் பேசி முடித்துவிடாதீர்கள். ஐந்து நிமிஷம் அம்மாவைத் தனியாக மருத்துவரிடம் பேசவிட்டு வெளியே பெஞ்சில் உட்காருங்கள்.